விதிக்கு அடங்காத ரப்பர்

உராய்வைப் பற்றிப் பள்ளியில் நாம் படிக்கும் பாடம் இரண்டே வரிதான். ஒரு பொருளை அழுத்தும் எடை இரட்டித்தால் உராய்வும் இரட்டிக்கும்; தொடும் பரப்பு பெரிதானாலும் சிறிதானாலும் உராய்வு மாறாது. பிரான்சின் கியோம் அமோந்தோன் 1699-இல் முன்வைத்த இந்த விதி மரத்துக்கும் இரும்புக்கும் ஏறக்குறையப் பொருந்துகிறது. ரப்பர் அதற்கு அடங்குவதில்லை. அடங்கியிருந்தால் அகலமான டயருக்கு வேலையே இருந்திருக்காது. வளைவில் எந்தச் சக்கரத்தின் மேல் எவ்வளவு எடை விழுகிறது என்று எந்தப் பொறியாளரும் கவலைப்பட்டிருக்க மாட்டார். ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் பயணிகளின் முதுகைக் காப்பாற்றும் பாகங்களாக மட்டுமே இருந்திருக்கும்.

டயரையும் சஸ்பென்ஷனையும் பற்றி எடுக்கும் எல்லா முடிவுகளுக்கும் அடியில் ரப்பரின் இந்த மீறல் இருக்கிறது. அதைப் புரிந்துகொண்டவருக்கு எதை முதலில் மாற்றுவது, எதைத் தொடாமல் விடுவது, எங்கே பணம் வீணாகும் என்பதெல்லாம் விளங்கிவிடும். வார நாளில் அலுவலகத்துக்கும் ஞாயிற்றுக்கிழமை போட்டிக்கும் ஒரே காரை ஓட்டிச் செல்பவர் இந்தக் கேள்விகளை நேருக்கு நேர் சந்திக்கிறார். அமெரிக்காவின் ஆட்டோகிராஸ் மைதானங்களில் அப்படிப்பட்டவர்கள் ஏராளம்.

ஒரு நிமிடப் போட்டி

அமெரிக்க ஆட்டோகிராஸுக்குப் பந்தயச் சாலை தேவையில்லை. ஆளில்லாத பெரிய கார் நிறுத்துமிடமோ பழைய விமான ஓடுதளமோ போதும். ஆரஞ்சு நிறக் கூம்புகளை வைத்து வளைந்து வளைந்து செல்லும் பாதை ஒன்றை அமைப்பார்கள். ஒரு நேரத்தில் ஒரு கார் கடிகாரத்தை எதிர்த்து ஓடும். ஒரு கூம்பைத் தட்டினால் இரண்டு நொடி அபராதம். பெரும்பாலான பாதைகள் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். வேகமும் நெடுஞ்சாலையில் நாம் போகும் வேகத்தைப் பெரிதாகத் தாண்டாது. ஆனால் அந்த ஒரு நிமிடத்தில் கார் நேராகப் போகும் தருணங்கள் மிகக் குறைவு. இடம், வலம், பிரேக், மறுபடி இடம் என்று டயர் ஓயாமல் உழைக்கும்.

1944-இல் தொடங்கிய ஸ்போர்ட்ஸ் கார் கிளப் ஆஃப் அமெரிக்கா இந்த விளையாட்டை 'சோலோ' என்ற பெயரில் நடத்துகிறது. அதன் தேசியப் போட்டி நெப்ராஸ்கா மாநிலத்தின் லிங்கன் நகரில், பழைய விமானத் தளத்தின் கான்கிரீட் பரப்பில் நடந்துவருகிறது. இரண்டு நாள், இரண்டு பாதைகள், ஒவ்வொன்றிலும் மூன்று ஓட்டம். இரு பாதைகளிலும் எடுத்த சிறந்த நேரங்களைக் கூட்டித்தான் வெற்றியாளரைத் தீர்மானிக்கிறார்கள். முதலிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் இடையே நொடியில் நூறில் சில பங்குகள் மட்டுமே இருப்பது சாதாரணம்.

சாலையில் ஓடும் காரை அதிகம் மாற்றாமல் கொண்டுவருபவர்களுக்காக 'ஸ்ட்ரீட்' என்றொரு பிரிவு இருக்கிறது. டயரை மாற்றலாம். சக்கரத்தின் விட்டத்தை ஓர் அங்குலம் கூட்டவோ குறைக்கவோ செய்யலாம். அகலம் தொழிற்சாலை தந்ததாகவே இருக்க வேண்டும். ஷாக் அப்சார்பரை மாற்றலாம். ஆன்ட்டி-ரோல் பாரை முன்பக்கமோ பின்பக்கமோ ஒரு முனையில் மட்டும் மாற்றலாம். ஸ்பிரிங்கைத் தொடக் கூடாது. பார்க்கக் கட்டுப்பாடு போலத் தெரியும் இந்த விதிகளுக்குள் நல்ல பொறியியல் அறிவு இருக்கிறது. அது எப்படி என்பதைப் போகப் போகப் பார்ப்போம்.

எடுத்துக்காட்டாக ஒரு காரை வைத்துக்கொள்வோம். 1989 பிப்ரவரியில் சிகாகோ கார் கண்காட்சியில் அறிமுகமான மாஸ்டா எம்எக்ஸ்-5 மியாட்டா. இரண்டு இருக்கை, திறந்த கூரை, பின்சக்கர இயக்கம், நான்கு மூலையிலும் டபுள் விஷ்போன் சஸ்பென்ஷன், முன்னும் பின்னும் ஏறக்குறையச் சமமாகப் பகிர்ந்த எடை, மொத்தம் ஒரு டன்னுக்கும் குறைவு. அதன் முதல் எஞ்சின் 116 குதிரைத்திறன்தான். ஆட்டோகிராஸ் என்றதுமே அமெரிக்கர்களுக்கு நினைவுக்கு வரும் கார்களில் இது முன்வரிசையில் இருப்பதற்குக் காரணம் எஞ்சின் அல்ல, நான்கு டயரையும் அது நடத்தும் விதம்.

தரையைத் தொடும் இடம்

மியாட்டாவின் ஒரு சக்கரத்தில் சுமார் 250 கிலோ எடை நிற்கிறது என்று கொள்வோம். தொழிற்சாலை சொன்ன காற்றழுத்தம் 26 பிஎஸ்ஐ. அதாவது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 1.8 கிலோவுக்குச் சற்று மேல். எடையை அழுத்தத்தால் வகுத்தால் ஏறத்தாழ 137 சதுர சென்டிமீட்டர். டயரின் பக்கச்சுவரும் கொஞ்சம் எடையைத் தாங்குவதால் கணக்கு சற்று முன்பின் ஆகும். ஆனாலும் தரையைத் தொடும் பரப்பு நம் தபால் அட்டை ஒன்றின் அளவுதான். திருப்பம், பிரேக், முடுக்கம் எல்லாம் அந்த நான்கு அட்டைகளின் வழியாக மட்டுமே நடக்க வேண்டும்.

அங்கே ரப்பர் இரண்டு விதமாகத் தரையைப் பிடிக்கிறது. ரப்பரின் மூலக்கூறுகள் சாலைப் பரப்பின் மூலக்கூறுகளோடு ஒட்டி, இழுபட்டு, விடுபடுகின்றன, இது ஒட்டுவிசை. சாலையில் உள்ள கல்முனைகள் ரப்பரைக் குத்தும்போது ரப்பர் உள்வாங்கி, பிறகு மெதுவாகப் பழைய வடிவத்துக்குத் திரும்புகிறது. திரும்புவதில் தாமதம் இருப்பதால் கல்லின் ஒரு பக்கத்தில் அழுத்தம் கூடியும் மறுபக்கத்தில் குறைந்தும் இருக்கும். அந்த வேறுபாடே சறுக்கலைத் தடுக்கும் விசையாகிறது. இந்த இரண்டும் வெப்பநிலையையும் வேகத்தையும் சார்ந்தவை. கே.ஏ. குரோஷ் 1963-இல் வெளியிட்ட சோதனைகள் இதைத் தெளிவாகக் காட்டின: பல வெப்பநிலைகளில், பல வேகங்களில் அளந்த ரப்பர் உராய்வை, பாலிமர்களுக்கு உரிய ஒரே கணித மாற்றத்தின் மூலம் ஒரே வளைகோட்டில் பொருத்திவிட முடிந்தது. ரப்பரின் பிடிப்பு அதன் உள்ளே நடக்கும் நெகிழ்வோடும் ஆற்றல் இழப்போடும் பிணைந்தது என்பதற்கு அது வலுவான சான்று.

இனி அமோந்தோன் விதியை ரப்பர் மீறும் இடம். எடை கூடக் கூட ரப்பர் சாலையின் மேடுபள்ளங்களுக்குள் மேலும் இறங்குகிறது. தொடக்கத்தில் ஒவ்வொரு கிலோவும் நிறையப் புதிய தொடுபரப்பைத் தருகிறது. பள்ளங்கள் நிரம்பிவரும்போது அதே ஒரு கிலோ முன்பைவிடக் குறைவாகவே தருகிறது. ஆகவே எடை இரட்டித்தால் பிடிப்பு கூடும், ஆனால் இரட்டிக்காது. டயர் பொறியாளர்கள் இதைச் சுமை உணர்திறன் என்கிறார்கள். இந்தக் கட்டுரையின் மற்ற எல்லாம் இந்த ஒரு வரியிலிருந்து பிறப்பவை.

வளைவில் இடம் மாறும் எடை

கார் இடப்பக்கம் திரும்பும்போது வலப்பக்கச் சக்கரங்களின் மேல் எடை கூடுகிறது, இடப்பக்கத்தில் குறைகிறது. எவ்வளவு? காரின் எடையைப் புவியீர்ப்பு மையத்தின் உயரத்தால் பெருக்கி, இரு பக்கச் சக்கரங்களுக்கு இடையேயுள்ள அகலத்தால் வகுத்தால் ஒரு ஜி, அதாவது புவியீர்ப்புக்குச் சமமான பக்கவாட்டு முடுக்கம் உள்ள திருப்பத்துக்கான விடை கிடைக்கும். எடை 1,000 கிலோ, உயரம் 45 செ.மீ., அகலம் 1.4 மீட்டர் என்று வைத்தால் ஏறத்தாழ 320 கிலோ ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் போகிறது.

இந்தச் சமன்பாட்டில் ஸ்பிரிங் இல்லை. ஷாக் அப்சார்பரும் ஆன்ட்டி-ரோல் பாரும் இல்லை. கடினமான ஸ்பிரிங் போட்டால் கார் குறைவாகச் சாயும். ஆனால் இடம் மாறும் மொத்த எடை ஏறக்குறைய அதேதான். கார் சாய்வதும் எடை இடம் மாறுவதும் ஒன்றே என்று நினைத்துத்தான் பலர் ஸ்பிரிங்குக்குப் பணம் செலவழிக்கிறார்கள். சஸ்பென்ஷனால் மாற்ற முடிந்தது வேறொன்று: அந்த 320 கிலோவில் முன் அச்சு எவ்வளவு சுமக்க வேண்டும், பின் அச்சு எவ்வளவு சுமக்க வேண்டும் என்ற பங்கீடு. எந்த முனை சாய்வை அதிகம் எதிர்க்கிறதோ அந்த முனை அதிகப் பங்கை ஏற்கும்.

பங்கீட்டால் என்ன ஆகும் என்பதை ஒரு கற்பனை டயரை வைத்துக் கணக்கிடலாம். 250 கிலோவில் அதன் உராய்வு எண் 1.1, மேலே ஏறும் ஒவ்வொரு 100 கிலோவுக்கும் 0.05 குறைகிறது, இறங்கினால் அதே அளவு கூடுகிறது. ஓர் அச்சில் இரு சக்கரமும் 250 கிலோ சுமந்தால் மொத்தப் பிடிப்பு 550 கிலோவுக்குச் சமம். 160 கிலோ இடம் மாறி, வெளிச்சக்கரம் 410, உள்சக்கரம் 90 என்று ஆனால் பிடிப்பு 524-ஆகக் குறைகிறது. வெளிச்சக்கரம் சம்பாதித்தது உள்சக்கரம் இழந்ததை ஈடுகட்டவில்லை.

முன்னும் பின்னும் 160 கிலோ வீதம் சமமாகப் பகிர்ந்தால் இரு அச்சிலும் 524. அதே காரில் முன்பக்கத்தைக் கடினமாக்கி 220, 100 என்று பகிர்ந்தால் முன் அச்சின் பிடிப்பு 502, பின் அச்சின் பிடிப்பு 540. இப்போது முன்சக்கரங்கள் முதலில் வழுக்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பியும் கார் நேராகத் தள்ளிக்கொண்டு போகும். இதற்கு அண்டர்ஸ்டீர் என்று பெயர். பின்பக்கம் முதலில் வழுக்கினால் ஓவர்ஸ்டீர். ரோல்ஸ்-ராய்ஸிலிருந்து 1930-இல் காடிலாக்குக்கு வந்த மாரிஸ் ஆலி போன்ற பொறியாளர்கள்தான் இந்த நடத்தைகளை ஓட்டுநரின் உணர்விலிருந்து அளவிடக்கூடிய அறிவியலுக்குக் கொண்டுவந்தவர்கள். நம் கணக்கில் சமமாகப் பகிர்ந்த கார் 1.05 ஜி வரை திரும்பும். பகிர்வு பிசகிய கார் 1.00 ஜியில் நின்றுவிடும். வளைவில் போகும் வேகம் பிடிப்பின் வர்க்கமூலத்தைப் பின்பற்றுவதால் வேறுபாடு சுமார் இரண்டு சதவீதம். ஒரு நிமிட ஓட்டத்தில் அது ஒரு நொடிக்கு மேல். நூறில் சில பங்குகளில் முடிவாகும் போட்டியில் அது மிகப் பெரிய தூரம்.

முதலில் டயர்

பங்கீட்டைச் சரிசெய்தால் கிடைப்பது டயரிடம் ஏற்கெனவே உள்ள பிடிப்பு. டயரை மாற்றினால் அந்த இருப்பே கூடுகிறது. ஆகவே டயர்தான் முதல் முடிவு.

அமெரிக்காவில் விற்கும் டயரின் பக்கச்சுவரில் தேய்மான எண் ஒன்று அச்சாகியிருக்கும். டெக்சாஸின் சான் ஏஞ்சலோவைச் சுற்றியுள்ள பொதுச்சாலைகளில் 400 மைல் சுற்றுப் பாதையில், மொத்தம் 7,200 மைல் ஓட்டி, ஒரு நிலையான ஒப்பீட்டு டயரோடு தேய்மானத்தை ஒப்பிட்டு அந்த எண் தரப்படுகிறது. குடும்பக் கார் டயர்களில் 500, 600 என்றெல்லாம் பார்க்கலாம். ஸ்ட்ரீட் பிரிவில் குறைந்தபட்சம் 200 இருக்க வேண்டும். சாலையில் ஓட்டவே முடியாத பந்தய டயர்களை விலக்கி வைப்பதே நோக்கம். ஆனால் எண்ணை இறுதியாக அறிவிப்பது டயர் நிறுவனமே. அது தேய்மானத்தைச் சொல்லும் எண், பிடிப்பை அளக்கும் எண் அல்ல. அதனால் ஒரு 200-க்கும் இன்னொரு 200-க்கும் நடுவே பெரிய இடைவெளி இருக்கும். எண்ணைப் பார்த்து மட்டும் வாங்கக் கூடாது.

பார்க்க வேண்டியது டயர் எவ்வளவு சீக்கிரம் சூடேறுகிறது என்பதை. ஆட்டோகிராஸ் ஓட்டம் ஒரு நிமிடம். பிறகு நீண்ட காத்திருப்பு. முதல் வளைவிலேயே டயர் தயாராக இருக்க வேண்டும். யோகோஹாமா அட்வான் ஏ052, பிரிட்ஜ்ஸ்டோன் போடென்சா ஆர்இ-71ஆர்எஸ் போன்றவை மிக விரைவில் தங்கள் வெப்பநிலையை அடைவதால் ஆட்டோகிராஸில் விரும்பப்படுகின்றன. ஹன்கூக் வென்டஸ் ஆர்எஸ்4 அதே 200 எண் கொண்டது. ஆனால் பந்தயச் சாலையில் இருபது நிமிடம் தொடர்ந்து ஓடினாலும் வெப்பத்தைத் தாங்குவதே அதன் பலம். எது நல்ல டயர் என்பதற்கு ஒரே விடை கிடையாது. எத்தனை நிமிட வேலைக்கு என்று கேட்டால்தான் விடை வரும். சீக்கிரம் சூடேறுவது சீக்கிரம் அதிகமாகவும் சூடேறும். ஒரே காரை இருவர் மாற்றி மாற்றி ஓட்டும்போது, ஓட்டங்களுக்கு நடுவே டயரின் மேல் தண்ணீர் தெளித்துக் குளிர்விப்பவர்களை மைதானத்தில் பார்க்கலாம்.

அடுத்தது அளவு. பழைய மியாட்டாவில் வந்தது 185/60 ஆர்14. அந்த 14 அங்குல அளவில் இன்று ஒட்டும் தன்மை மிகுந்த டயர்கள் அரிது. அதனால் விதி அனுமதிக்கும் 15 அங்குலச் சக்கரத்துக்குப் பலர் மாறுகிறார்கள். 195/50 ஆர்15 போட்டால் மொத்த விட்டம் ஏறத்தாழ 576 மி.மீ.; பழைய அளவின் 578 மி.மீ.க்கு மிக அருகில். கியர் விகிதம் மாறாது, வேகமானியும் பொய் சொல்லாது. 205/50 ஆர்15 விட்டத்தைச் சுமார் 586-ஆக உயர்த்தும்.

அகலமான டயர் ஏன் உதவுகிறது? காற்றழுத்தம் அதேயானால் தரையைத் தொடும் மொத்தப் பரப்பு பெரிதாக மாறுவதில்லை, வடிவம்தான் மாறுகிறது. நீளம் குறைந்து அகலம் கூடுகிறது. திருப்பும்போது ரப்பர் குறைவாக முறுக்குகிறது, வெப்பத்தைப் பகிர அதிக ரப்பர் கிடைக்கிறது, அழுத்தத்தைக் குறைத்து ஓட்டவும் இடம் உண்டு. ஆனால் குறுகிய சக்கரத்தில் அளவுக்கு மீறிய அகல டயரைப் போட்டால் பக்கச்சுவர் பிதுங்கி, ஸ்டீயரிங்குக்குப் பதில் தாமதமாக வரும். சக்கரத்துக்கும் டயருக்கும் உள்ள பொருத்தத்தைத் தயாரிப்பாளரின் அட்டவணையில் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

செலவே இல்லாத சரிசெய்தல் காற்றழுத்தம். அழுத்தம் குறைந்தால் டயர் வளைவில் மடிந்து தோள்பகுதியில் ஓடும். கூடினால் நடுப்பகுதி மட்டும் தரையைத் தொடும். டயரின் தோளில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டு, ஓட்டம் முடிந்ததும் எதுவரை அழிந்திருக்கிறது என்று பார்ப்பது பழைய, நம்பகமான வழி. பல டயர்களின் தோளில் இதற்கென்றே சிறு முக்கோணக் குறிகளும் உண்டு. 20 டிகிரியில் 26 பிஎஸ்ஐ இருந்த டயர் 40 டிகிரியானால் ஏறத்தாழ 2.8 பிஎஸ்ஐ கூடும். எனவே காலையில் வைத்த அழுத்தத்தை நம்பி மதியம் ஓடக் கூடாது. ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் அளக்க வேண்டும்.

சக்கரத்தின் சாய்வு

கார் வெளிப்பக்கம் சாயும்போது சக்கரமும் அதோடு சாய முயல்கிறது. அப்படிச் சாய்ந்தால் டயரின் வெளிவிளிம்பு மட்டும் நசுங்கும், உள்விளிம்பு தூக்கும். அதிக எடை குறைந்த ரப்பரில் குவிகிறது; சுமை உணர்திறன் இங்கேயும் தன் வேலையைக் காட்டும். இதைத் தடுக்க, கார் நிற்கும்போதே சக்கரத்தின் மேல்பகுதியை உட்பக்கமாகச் சாய்த்து வைப்பார்கள். இதுதான் நெகட்டிவ் கேம்பர். வளைவில் கார் சாய்ந்ததும் வெளிச்சக்கரம் நிமிர்ந்து, முழு அகலத்தோடு தரையில் அமரும்.

மியாட்டாவின் டபுள் விஷ்போனில் மேல் கை கீழ்க் கையைவிடக் குட்டை. சக்கரம் மேலேறும்போது அதன் தலை தானாகவே உட்பக்கம் இழுபடும். சாய்வில் இழந்ததில் ஒரு பகுதியை இந்த அமைப்பே மீட்டுத் தருகிறது. டொயோட்டா 86, சுபாரு பிஆர்இசட் கார்களின் முன்பக்கத்தில் உள்ள மக்ஃபர்சன் ஸ்ட்ரட் என்ற சஸ்பென்ஷன் அமைப்பு அந்த அளவுக்கு மீட்பதில்லை. அவற்றுக்கு நிலையான கேம்பர் கூடுதலாகத் தேவைப்படும். சாலையிலும் மைதானத்திலும் ஓடும் காருக்கு ஒன்றரை முதல் இரண்டரை டிகிரி வரை நெகட்டிவ் கேம்பர் பொதுவாக நல்ல சமரசம். மியாட்டாவில் கீழ்க் கையின் போல்ட்டைத் திருகியே கேம்பரைக் கணிசமாக மாற்றலாம், புதிய பாகம் எதுவும் வேண்டாம்.

கேம்பர் வைத்தால் டயர் உட்பக்கம் தேய்ந்துவிடும் என்று அஞ்சுபவர்கள் உண்டு. பெரும்பாலும் உட்பக்கத்தைத் தின்பது பிசகிய டோ. இரு சக்கரமும் முன்புறத்தில் வெளியே பார்த்தால் டோ-அவுட், உள்ளே பார்த்தால் டோ-இன். முன்பக்கத்தில் சிறிது டோ-அவுட் வைத்தால் கார் வளைவுக்குள் துள்ளி நுழையும். ஆனால் நெடுஞ்சாலையில் அலைபாயும், டயர் ஒவ்வொரு கிலோமீட்டரும் பக்கவாட்டில் உரசிக்கொண்டே போகும். தினமும் ஓட்டும் காருக்கு முன்பக்கம் பூஜ்யமும் பின்பக்கம் மிகச் சிறிய டோ-இன்னும் போதும். பின்பக்க டோ-இன் பிரேக் போடும்போதும் பாதை மாறும்போதும் காரை நிலைநிறுத்தும்.

ஷாக் அப்சார்பரின் ஒரு நொடி

ஷாக் அப்சார்பர் எதிர்ப்பது அசைவை. அசைவு நின்றுவிட்டால் அது எந்த விசையும் தருவதில்லை. நீண்ட, சீரான வளைவில் கார் ஒருமுறை சாய்ந்து நிலைத்தபின் ஷாக்குக்கு அங்கே பேச்சில்லை. ஆனால் ஆட்டோகிராஸில் நீண்ட வளைவு அரிது. 18 மீட்டருக்கு ஒரு கூம்பு வீதம் நட்ட வரிசையில் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் இடமும் வலமுமாகப் பின்னிப் போகும் காரை நினைத்துப் பாருங்கள். ஒரு கூம்பிலிருந்து அடுத்ததற்கு ஒரு நொடிக்குச் சற்று மேல். ஒவ்வொரு நொடியும் முந்நூறு கிலோ ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் போய்த் திரும்புகிறது. கார் நிலைகொள்ள நேரமே இல்லாத இந்தப் பகுதியில், எடை எந்தச் சக்கரத்துக்கு எவ்வளவு சீக்கிரம் போய்ச் சேர்கிறது என்பதைத் தீர்மானிப்பது ஷாக்தான். ஸ்ட்ரீட் பிரிவில் வெற்றியை நாடுபவர்கள் டயருக்கு அடுத்து ஷாக்கில் செலவழிப்பது இதனால்தான்.

ஷாக் நீளும்போது தரும் எதிர்ப்பைக் கூட்டினால் கார் கூர்மையாகப் பதில் சொல்வதுபோல் இருக்கும். அளவுக்கு மீறிக் கூட்டினால், பள்ளத்தைக் கடக்கும் சக்கரம் கீழே இறங்கித் தரையைத் தொடுவதற்குள் அடுத்த மேடு வந்துவிடும். அப்போது டயரின் மேல் எடை ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். சராசரி எடை அதேதான். சராசரிப் பிடிப்பு குறைந்துவிடும். எடை கூடும்போது கிடைப்பதைவிடக் குறையும்போது இழப்பது அதிகம் என்பதை முன்பே கண்டோம். வெடிப்பும் ஒட்டும் நிறைந்த பழைய தரையில் கல் போலக் கடினமான கார், இதமாகச் செல்லும் காரிடம் தோற்பதன் காரணம் இதுவே.

பாரும் ஸ்பிரிங்கும்

ஆன்ட்டி-ரோல் பார் இடது, வலது சக்கரங்களை இணைக்கும் முறுக்குக் கம்பி. இரு சக்கரமும் ஒன்றாக மேலேறினால் அது சும்மா சுழலும். ஒன்று ஏறி மற்றொன்று இறங்கினால்தான் முறுக்கி எதிர்க்கும். அதன் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. 20 மி.மீ. திடக்கம்பிக்குப் பதில் 25 மி.மீ. போட்டால் விறைப்பு கிட்டத்தட்ட 2.4 மடங்கு. ஐந்து மில்லிமீட்டர்தானே என்று எண்ணக் கூடாது.

நம் பங்கீட்டுக் கணக்கின்படி முன்பாரைத் தடிப்பாக்கினால் அண்டர்ஸ்டீர் கூட வேண்டும். ஆனால் ஸ்ட்ரீட் பிரிவு மியாட்டாக்களில் பலர் மாற்றுவது முன்பாரைத்தான். மென்மையான தொழிற்சாலை ஸ்பிரிங்கோடு கார் வளைவில் நிறையச் சாய்கிறது. முன் வெளிச்சக்கரம் கேம்பரை இழந்து விளிம்பில் நிற்கிறது. தடித்த முன்பார் சாய்வைக் குறைத்து அந்தச் சக்கரத்தை நிமிர்த்துகிறது. கூடவே பின் அச்சில் இடம் மாறும் எடை குறைவதால் பின் உள்சக்கரம் தரையை விடாமல் பிடித்துக்கொள்ள, வளைவிலிருந்து வெளியேறும்போது எஞ்சினின் சக்தி வீணாகாது. எடைப் பங்கீட்டில் நேரும் இழப்பைக் கேம்பரிலும் உந்துதலிலும் கிடைக்கும் ஆதாயம் வென்றுவிடுகிறது. ஒரு பாகத்தின் விளைவை ஒரே ஒரு விதியால் தீர்மானித்துவிட முடியாது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

ஸ்பிரிங்கை மாற்ற அனுமதிக்கும் பிரிவுகளும் உண்டு. அங்கே போகிறவர் அதிர்வெண்ணில் சிந்திக்க வேண்டும். ஒரு மூலையில் 220 கிலோ, சக்கரத்தில் உணரும் விறைப்பு மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் என்றால் கார் நொடிக்கு ஒன்றரை முறை மேலும் கீழும் ஆடும். ஸ்பிரிங்கை இருமடங்காக்கினால் அது 2.1 முறை ஆகும். தினசரிச் சாலையில் உடம்பு தாங்கும் எல்லைக்கு அருகில் வந்துவிடுகிறோம். ஸ்பிரிங்குக்கு ஈடான ஷாக் இல்லாவிட்டால் கார் துள்ளும். உயரத்தை அதிகம் குறைத்தால் சஸ்பென்ஷன் வளைவிலேயே பம்ப் ஸ்டாப் எனும் ரப்பர்த் தடுப்பில் போய் இடிக்கும். அந்தக் கணத்தில் அந்த முனையின் விறைப்பு சட்டென்று எகிற, எடை அங்கே குவிய, டயர் எச்சரிக்கையின்றி வழுக்கும். அசைய அதிக இடமில்லாத பழைய மியாட்டாவில் இது அடிக்கடி நேர்கிறது. காரைத் தாழ்த்துவதற்குமுன் சஸ்பென்ஷனில் எவ்வளவு அசைவு மிச்சமிருக்கிறது என்று அளப்பது கட்டாயம்.

மழையும் குளிரும்

இந்தக் கார் மாலையில் வீடு திரும்ப வேண்டும். ஒட்டும் டயர்களில் பள்ளக்கோடுகள் குறைவு; தேயத் தேய மேலும் குறையும். நாசாவின் வால்டர் ஹார்ன், ராபர்ட் ட்ரெஹர் இருவரும் 1963-இல் விமான டயர்களை ஆராய்ந்து ஒரு வாய்பாட்டைத் தந்தார்கள். தேங்கிய நீரின் மேல் டயர் மிதக்கத் தொடங்கும் வேகம் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. அதன்படி 26 பிஎஸ்ஐயில் மணிக்கு சுமார் 85 கி.மீ., 32 பிஎஸ்ஐயில் சுமார் 94. கார் டயருக்கு இதை அப்படியே பொருத்த முடியாது என்றாலும் திசை சரியானது: மைதானத்தில் குறைத்த அழுத்தத்தை நெடுஞ்சாலைக்கு ஏறுமுன் திரும்ப நிரப்ப வேண்டும். அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் பள்ளத்தின் ஆழம் 1.6 மி.மீ.க்குக் கீழே போனால் டயர் சட்டப்படி செல்லாது. ஆனால் மழையில் ஆபத்து அதற்கு வெகு முன்பே தொடங்கிவிடுகிறது.

குளிரும் இந்த ரப்பருக்குப் பகை. ஏழு டிகிரிக்குக் கீழே கோடைக்கால ரப்பர் இறுகிப் பிடிப்பை இழக்கிறது. உறைநிலையில் காரை நகர்த்தினாலே ஒட்டும் டயர்கள் சிலவற்றில் விரிசல் விழும் என்று தயாரிப்பாளர்களே எச்சரிக்கிறார்கள். நெப்ராஸ்காவின் குளிர்காலத்தைக் கடக்கும் கார் இரண்டு செட் சக்கரம் வைத்திருப்பது ஆடம்பரம் அல்ல, தேவை. வயதும் முக்கியம். பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு வாரத்தையும் கடைசி இரண்டு ஆண்டையும் குறிக்கும்; 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம். தள்ளுபடியில் கிடைக்கும் பழைய டயரில் பள்ளம் முழுசாக இருக்கும், ரப்பர் இறுகியிருக்கும்.

எந்த வரிசையில்

ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் மாற்றிவிட்டால் எது உதவியது, எது கெடுத்தது என்று தெரியாது. வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் புஷ், பால் ஜாயின்ட் போன்ற தேயும் பாகங்களைச் சரிபார்த்தல்; பிறகு நல்ல டயர்; பிறகு கேம்பரும் டோவும் அடங்கிய அலைன்மென்ட்டும் காற்றழுத்தமும்; அதன்பின் ஷாக்; அதன்பின் ஒரு பார். ஸ்பிரிங் கடைசி. ஸ்ட்ரீட் பிரிவின் விதிகள் ஏறக்குறைய இந்த வரிசையையே கட்டாயமாக்குகின்றன. ஒவ்வொரு படியிலும் ஒன்றை மட்டும் மாற்றி, பல முறை ஓட்டி, குறித்து வைத்துவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். புதிதாக வருபவர் காரில் இருக்கும் சாதாரண டயரோடே முதல் சில போட்டிகளை ஓட்டுவது நல்லது. அவை சத்தமிட்டு எச்சரித்து மெதுவாக வழுக்கும். எல்லை எங்கே இருக்கிறது என்று கைக்கும் காலுக்கும் கற்றுத் தரும்.

கூம்புகளுக்கு நடுவே ஓடவே போகாதவருக்கும் இது அன்னிய விஷயம் அல்ல. தளர்ந்துபோன ஷாக் கொண்ட குடும்பக் காரில் சக்கரம் மேடுபள்ளத்தில் குதிக்கிறது, எடை ஏறி இறங்குகிறது, பிடிப்பு குறைகிறது, திடீரென்று பிரேக் போடும்போது கார் நிற்கும் தூரம் நீள்கிறது. காற்று குறைந்த டயரும் அலைன்மென்ட் பிசகிய சக்கரமும் அதே இழப்பை வேறு வழியில் தருகின்றன. பந்தயக்காரர் நூறில் ஒரு நொடிக்காகச் செய்யும் கவனிப்பு, சாலையில் ஓர் உயிரைக் காக்கும் இரண்டு மீட்டராக மாறுகிறது. எந்தக் காரானாலும், எஞ்சினுக்கும் அழகுக்கும் செலவழிக்க நினைக்கும் பணத்தில் முதல் பங்கைத் தரையைத் தொடும் அந்த நான்கு சிறு பரப்புகளுக்குக் கொடுங்கள்.